ஜன்னலோரப் பலகை

ஆடி மாதத்து மழை ஒன்றுக்குப் பிறகு கண்ணாயிரம் தன் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வீடு என்னவோ ஒரு அறையும் ஒரு சமையற்கட்டும்தான். அதற்குள் மூன்று பேர் இருந்துகொண்டு, அதில் ஒருவர் இன்னொருவரோடு பேசாமலிருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் உப்பளத்துக்காரர்களுக்குப் பிடிவாதத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். பாத்தியில் தண்ணீரைக் கட்டிவிட்டு, அது உப்பாகிறவரைக்கும் வரப்பில் குந்திக் கிடக்கிற ஆட்கள் அவர்கள்.

"பாப்பாத்தி, உம் மவள அந்த லைட்ட நிறுத்தச் சொல்லு" என்பார். மகள் சூர்யகலா அவருக்கு ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பாள்.

"ஏன், அவளுக்குக் காது இல்லியா? நீயே சொல்லேன்" என்பாள் பாப்பாத்தி.

"நான் உங்கிட்டதான் பேசறேன்."

"கலா, உங்கப்பா லைட்ட நிறுத்தச் சொல்றாரு."

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்குதும்மா. முடிச்சிட்டு நிறுத்தறேன்னு சொல்லு."

"தா பாருய்யா, ரெண்டு பக்கம் இருக்குதாம்."

"விழுந்திச்சி, விழுந்திச்சி காதுல" என்று கண்ணாயிரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். பாப்பாத்திக்கு இரண்டு பேர் பேச்சையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்தே வாய் வலித்தது. அளத்தில் தலைச்சுமை இறக்கி வைத்துவிட்டு வந்தால் வீட்டில் இன்னொரு சுமை என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். சிரித்தாளே தவிர, உள்ளுக்குள் பயம் இருந்தது. இப்படியே பழகிப்போய்விட்டால் என்ன செய்வது?

மழைக்கதையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாயிரத்தைப் பொல்லாத மனிதர் என்று நினைத்துவிடுவீர்கள்.

மரக்காணத்து அளத்தில் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. மேகத்தை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் கத்த வேண்டும். "மழ வருதூ, ஓடியா" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். அது காதில் விழுந்தால் தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஓடிவர வேண்டும். எந்த அளம், யாருடைய குவியல், யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அந்த நேரத்தில் செல்லாது. வாரிக் குவித்த உப்பின்மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, காற்றுக்குத் தூக்காமல் ஓரமெல்லாம் மண்ணைக் கொட்டி அழுத்திவிட்டு, அப்புறம்தான் மூச்சு விடலாம். மேகம் கலைந்துபோய் வெயில் அடித்தாலும் கத்தினவரை யாரும் திட்டுவதில்லை. "உன் கண்ணுல புகை" என்று கேலி பண்ணிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவரைத்தான் மன்னிப்பதில்லை. இப்போது எல்லோர் மடியிலும் போன் இருப்பதால் இந்தச் சட்டம் ஈசிஆர் ரோடு வரைக்கும் நீண்டுவிட்டது. கூனிமேட்டில் கறுத்தால் அங்கிருக்கிற நம்ம ஆள் யாராவது உடனே போன் போட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு மத்தியானம் சூர்யகலா கல்லூரி விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். கூனிமேடு தாண்டும்போது தெற்கே கடலுக்குமேல் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். ஆனால் கையில் போன். போனில் செஸ். எந்த நாட்டுக்காரனோ ஒருவனை மடக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டத்தை விட்டு வெளியே வந்து போன் போட்டால் அங்கே நேரம் ஓடிவிடும், தோற்றுவிடுவாள். இந்த ஒரு காயை வைத்துவிட்டுப் போடலாம் என்று நினைத்தாள். அப்புறம் இன்னும் ஒரு காய். அவள் ஜெயித்து நிமிர்ந்தபோது பஸ் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அளத்தில் அந்த நேரம் காலை வேலை முடிந்து எல்லோரும் உண்ட மயக்கத்தில் கொட்டகைக்குள் கிடந்தார்கள். சவுக்குத் தோப்பு மறைத்ததில் தெற்கு வானம் தெரியவில்லை. மழைச் சத்தம் கேட்டு எழுந்து ஓடினபோது நேரம் கடந்துவிட்டது. சூர்யகலா வந்து சேர்ந்தபோது அவள் அப்பா பாதி இழுத்த தார்ப்பாயின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர்கள் குவியலும் பக்கத்துப் பாத்திக்காரர் பச்சமுத்துவின் குவியலும் பாதிக்குமேல் கரைந்து வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தன.

போனில் சார்ஜ் இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"பஸ்ஸிலேர்ந்தே பாத்தேன்பா. கேமு முடியட்டும்னு இருந்துட்டேன்" என்றாள்.

கண்ணாயிரம் அடிக்கவில்லை, திட்டவில்லை. தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டு நடந்து போனார். மறுநாள் பச்சமுத்துவே வந்து, "சின்னப் பொண்ணு, உடுப்பா. என் உப்பும்தான் போச்சி, நான் இன்னா பேசாமயா இருக்கேன்?" என்று சொல்லிப் பார்த்தார். "நீ பேசு. உன் இஷ்டம்" என்றார் கண்ணாயிரம்.

அவள் செஸ்ஸுக்குள் போனதும் ஒரு வேடிக்கைதான். அவள் பிளஸ் டூ படித்த வருஷம் மாமல்லபுரத்தில் உலகத்து ஆட்கள் எல்லாம் வந்து செஸ் ஆடினார்கள். அந்தப் பரபரப்பில் பள்ளிக்கூடத்துக்குப் பலகைகள் வந்தன. மற்ற பிள்ளைகள் ஒரு மாதம் ஆடிவிட்டு விட்டுவிட்டார்கள். இவள் விடவில்லை. கூட ஆட ஆளில்லாமல் போனில் ஆடினாள். ஆட்டமும் போன்தான் கற்றுக்கொடுத்தது. ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சினால் எப்படி நிற்க வேண்டும் என்பது வரைக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதே படித்தாள். இப்போது கணக்குப் பட்டப்படிப்பில் கடைசி வருஷம்.

ஆவணியில் பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி வந்தது. கல்லூரி உடற்பயிற்சி ஆசிரியர் காசிலிங்கம் வீட்டுக்கே வந்து பாப்பாத்தியிடம் சொல்லிவிட்டுப் போனார். "அணியில எடம் கெடச்சிட்டா மேல எம்.எஸ்சி.க்கு விளையாட்டு கோட்டாவுல சீட்டு வாங்கிடலாம்மா. ஹாஸ்டலும் சேத்து. மத்தபடி அவ்ளோ தூரம் அனுப்பிப் படிக்க வெக்கறது உங்களுக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும்."

கண்ணாயிரம் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் போனபிறகு தீர்ப்பு வந்தது, வழக்கம்போல் பாப்பாத்தி வழியாக.

"எடம் கெடச்சா போவட்டும். கெடைக்கலன்னா அந்தப் போன வாங்கி உள்ள வெச்சிட்டு, பரீட்ச முடிஞ்சதும் அளத்துக்கு வரச் சொல்லு. சொல்லிட்டேன்."

"சரின்னு சொல்லும்மா" என்றாள் சூர்யகலா.

போட்டி இரண்டு நாள். சனிக்கிழமை பாப்பாத்தி துணைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளால் காலை ஊன்ற முடியவில்லை. குதிகால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறி வீங்கிப் புண்ணாகியிருந்தது. மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு, "நீ போயிட்டு வாய்யா" என்றாள் புருஷனிடம்.

"நானா?"

"பின்ன, நான் நொண்டிக்கினு போவட்டுமா? திரும்பி வர்றதுக்கு இருட்டிடும். வயசுப் பொண்ணு தனியா வருமா? பேச வேணாம். கூட நில்லு, போதும்."

புளிச்சோறும் வறுத்த நெத்திலிக் கருவாடும் இரண்டு டப்பாக்களில் கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் அவர் டிரைவருக்குப் பின்னாலும் அவள் நடுவிலுமாக உட்கார்ந்தார்கள். இறங்க வேண்டிய இடம் அவருக்குத் தெரியாது. அவள் எழுந்ததைப் பார்த்து எழுந்துகொண்டார்.

போட்டி நடந்த கல்லூரி திண்டிவனம் போகிற வழியில் இருந்தது. பெரிய கூடம், வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பெண்கள். கூட வந்தவர்கள் உள்ளே போகக்கூடாது, வராந்தாவில் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கிறவர்கள் வாயைத் திறக்கக்கூடாது என்று தலைமை நடுவர் வைஜெயந்தி மேடம் காலையிலேயே மைக்கில் சொல்லிவிட்டார். கண்ணாயிரம் மத்தியானம் வரைக்கும் வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிற பெண்களைப் பார்த்தார். இதற்கு எதற்குக் கூட்டம் சேர்கிறது என்று அவருக்குப் புரியவில்லை.

கடைசிச் சுற்றில் சூர்யகலாவுக்கு ஜன்னலோரப் பலகை விழுந்தது. எதிரில் ஜான்சி என்று வானூர்ப் பக்கத்துப் பெண். போன வருஷமும் அணியில் இருந்தவள். சூர்யகலா தோற்காமல் இருந்தால் அவளுக்கு இடம். ஜான்சி ஜெயித்தால் ஜான்சிக்கு இடம். இதைக் கண்ணாயிரத்துக்குச் சொன்னவள் ஜான்சியின் அம்மா ஆரோக்கியசெல்வி. வானூரில் துணிக்கடையில் வேலை. நல்ல பேச்சுக்காரி. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவரோடு தோளுரச நின்றுகொண்டு, காதோடு காதாகப் பேசிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க செஸ் பாப்பீங்களா?"

"இன்னிக்குத்தாங்க மொத மொத."

"பக்கத்துல பொட்டி மாதிரி இருக்குது பாருங்க, அதான் கடிகாரம். ஆளுக்கு அரை மணி. காய வெச்சிட்டு தன் பக்கம் பட்டன அமுக்கிட்டா எதிராளி நேரம் ஓட ஆரம்பிக்கும். நேரம் தீந்துச்சின்னா எவ்ளோ நல்லா ஆடியிருந்தாலும் தோல்விதான்."

"அப்படியா?" என்றார். அதற்கப்புறம் அவர் காய்களைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தார். இது அவருக்குப் புரிகிற விஷயமாக இருந்தது. இரண்டு வாய்க்கால், ஒன்றை அடைத்தால் மற்றொன்றில் ஓடும்.

ஆட்டம் நீண்டது. ராணிகள் வெட்டுப்பட்டன, குதிரைகள் போயின. ஆளுக்கு ஒரு யானையும் சில சிப்பாய்களும் மிஞ்சியபோது சூர்யகலாவிடம் ஒரு சிப்பாய் குறைவு. நெற்றியில் வியர்வை. யானையைப் பக்கவாட்டில் ஓட்டிக்கொண்டு போய் வைத்தாள். வைத்துவிட்டுக் கைகளை மடியில் சேர்த்துக்கொண்டாள்.

பட்டனை அமுக்கவில்லை.

அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? போனில் காயை நகர்த்தினால் கடிகாரம் தானாக மாறிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் ஊறிய பழக்கம். காலையிலிருந்து கவனமாக அமுக்கிக்கொண்டிருந்தவள், எல்லாவற்றிலும் கஷ்டமான இடத்தில் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டாள். எதிரே ஜான்சி குனிந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சட்டப்படி அவள் யோசிக்கலாம், சும்மாவும் இருக்கலாம்.

"ஏங்க, எம் பொண்ணு காய வெச்சிட்டாளே? அவ பக்கம்தான இன்னும் ஓடுது?" என்றார் கண்ணாயிரம்.

ஆரோக்கியசெல்வி பார்த்தாள். அவள் முகம் மாறிப்போனது. "ஆமாங்க" என்றாள் சின்னக் குரலில்.

"அமுக்கலியா?"

"அமுக்கல."

"யாருனா சொல்லுவாங்கதான?"

"சொல்லக்கூடாதுங்க. நடுவர்கூட சொல்லக்கூடாது. ரூல்ஸுங்க." அப்புறம் அவள் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

எண்கள் குறைந்துகொண்டே வந்தன. மகள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். எதிராளி யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாயிரம் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேசக்கூடாது என்று மேடம் சொன்னது ஞாபகம் இருந்தது. பேசுவதில்லை என்று தானே வைத்துக்கொண்டதும் ஞாபகம் இருந்தது. கண்ணெதிரே கரைந்து போகிறது, பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்பதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"மழ வருதூ! கலா! ஓடியா!"

கூடமே அதிர்ந்தது. மேசைகளில் குனிந்திருந்த அத்தனை தலைகளும் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தன. வெளியே ஆவணி வெயில் பொளந்துகொண்டிருந்தது.

ஏன் 'பட்டனை அமுக்கு' என்று கத்தவில்லை என்று பிற்பாடு ஊரில் கேட்டார்கள். "ஆட்டத்தப் பத்தி நான் ஒரு வார்த்த பேசல" என்று அவர் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொள்வதுண்டு. நம்பாதீர்கள். அந்த நேரத்தில் அவர் வாயில் வேறு வார்த்தை இல்லை, அவ்வளவுதான்.

சூர்யகலா பாதி எழுந்துவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு தானாக எழும். எழுந்த இடத்தில் கண் கடிகாரத்தில் பட்டது. கை பாய்ந்து பட்டனை அமுக்கியது. அவளுக்கு மிச்சம் மூன்று நிமிஷம்கூட இல்லை.

ஜான்சி கையைத் தூக்கினாள். வைஜெயந்தி மேடம் இரண்டு கடிகாரத்தையும் நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"யாருங்க நீங்க? என்ன மழை? எங்க பெய்யுது?"

கண்ணாயிரம் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்கள் விலகி நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். மேடம் அவரை மேலும் கீழும் பார்த்தார். வெயில் தலைக்கேறின ஆள் என்றுதான் நினைத்திருப்பார்.

"மேடம், அது சிக்னல் மாதிரி இருக்குது. கலான்னு பேர் சொன்னாரு. உடனே இவ கிளாக்கப் பாத்தா" என்றாள் ஜான்சி.

மேடம் சூர்யகலா பக்கம் திரும்பினார். "உனக்கு அவரத் தெரியுமா?"

"எங்கப்பா மேடம்" என்றாள் சூர்யகலா. கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மழைன்னாரே, அதுக்கு உனக்கு எதாவது அர்த்தம் இருக்குதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். யாரோ கத்தினார், நான் தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தேன் என்றால் மறுக்க ஆளில்லை. ஜன்னலுக்கு வெளியே அவள் அப்பாகூட மனசுக்குள் சொல் சொல் என்றுதான் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இருக்குது மேடம். எங்க அளத்துல எதுனா வீணாப் போவுதுன்னா அப்படித்தான் கத்துவாங்க. அதக் கேட்டுத்தான் நான் கிளாக்கப் பாத்தேன். இல்லன்னா பாத்திருக்க மாட்டேன்."

மேடம் கடிகாரத்தை ஒரு முறை பார்த்தார். "வெளியிலேர்ந்து உதவி வந்தா கேமையே எதிராளிக்குக் குடுத்துடலாம். தெரியும்தான?"

"தெரியும் மேடம்."

"நீ கேட்டு வாங்கின உதவி இல்ல. கேட்டதுக்கு மறைக்காம சொல்லிட்ட. அதனால கேம் நடக்கும். உனக்கு ஓடின நேரம் ஓடினதுதான். ஜான்சிக்கு ரெண்டு நிமிஷம் சேத்துத் தர்றேன். உங்கப்பா கேட்டுக்கு வெளிய போவணும். சரியா ஜான்சி?"

ஜான்சி உதட்டைச் சுழித்துக்கொண்டு, "சரி மேடம்" என்றாள்.

வாட்ச்மேன் கண்ணாயிரத்தைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். அங்கே ஒரு புங்கமரம் இருந்தது. அதன் அடியில் குந்திக்கொண்டு, நாமே கெடுத்துவிட்டோமே என்று தலையில் கை வைத்தார். நேரம் போனது போக, எதிராளிக்குக் கூடுதல் நேரமும் வாங்கிக் கொடுத்தாயிற்று. கூடம் நிறைந்த சனத்துக்கு முன்னால் பெண்ணை நிற்க வைத்துக் கேள்வி கேட்க வைத்தாயிற்று. துணைக்கு வந்த லட்சணம்.

மடியில் பட்டன் போன் அடித்தது. பாப்பாத்தி.

"இன்னாய்யா ஆச்சி?"

"ஆடிக்கினு இருக்குது."

"ஜெயிக்குமா?"

"தெரியல."

"நீ உள்ளதான இருக்க?"

"வெளிய."

"ஏன் வெளிய?"

"காத்து வாங்கலாம்னு." போனை வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஆரோக்கியசெல்வியும் வெளியே வந்தாள். உள்ளே நிற்க அவளுக்கும் தைரியம் இல்லை. வந்ததும் ஒரு பிடி பிடித்தாள்.

"இன்னாங்க நீங்க? எம் பொண்ணு கையிலேர்ந்து புடுங்கிக் குடுத்தீங்களே! அவ இன்னா திருடுனாளா? ரூல்ஸ் படிதான சும்மா இருந்தா?"

"உங்க பொண்ணு மேல தப்பு சொல்லலங்க. அது உங்க ஆட்டத்து சட்டம். என்னால அங்க நின்னுக்கினு பாக்க முடியல. தப்புதான். திட்டுங்க."

திட்டச் சொல்கிறவரை எவ்வளவு நேரம் திட்ட முடியும்? அவள் தளர்ந்துபோய்ப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். "கோயிலுக்குக்கூடப் போகாம வந்தேன் இன்னிக்கு" என்றாள். "இந்தப் பொண்ணு போன வருஷம் அணியில இருந்தப்ப வீட்டுல எவ்ளோ சந்தோசம் தெரியுமா?"

"சாப்ட்டீங்களா?" என்றார் கண்ணாயிரம்.

"எங்க சாப்டறது?"

டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தார். அவள் வேண்டாம் வேண்டாம் என்றுகொண்டே கருவாட்டில் ஒன்றை எடுத்தாள். "நல்லா மொறுமொறுன்னு இருக்குது" என்று இன்னொன்று எடுத்தாள். கடைசியில் புளிச்சோற்றில் பாதி அவளுடையதாயிற்று. அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்பது அவர் பார்க்காதது. சூர்யகலா நேரத்துக்காகப் பதறவில்லை. பதறினால் தொலைந்தோம் என்று தெரிந்து யானைக்கு யானை கொடுத்தாள். கூடத்துப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள், ஒரு சிப்பாய் குறைவாக இருக்கிறவள் யானையைக் கொடுப்பாளா என்று. ஓரத்துச் சிப்பாய்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு தீர்ந்தன. ஜான்சிக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும், இவளுக்கு ராஜா மட்டும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படித்த பாடம் இது. ஜான்சியின் ராஜா வந்தால் இவள் ராஜா நேர் எதிரே போய் நிற்கும். அது விலகினால் இதுவும் விலகி மறுபடி எதிரே நிற்கும். ஒவ்வொரு முறையும் வைத்தாள், அமுக்கினாள். அமுக்கிவிட்டு ஒரு முறை பார்த்தாள். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு முந்தின கட்டம் வரைக்கும் வந்துவிட்டது. அதைக் காப்பாற்ற ஜான்சி தன் ராஜாவைப் பின்னால் கொண்டுவந்து வைத்தாள். வைத்ததும் கையை எடுக்காமல் பலகையைப் பார்த்தாள். அப்புறம் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். சூர்யகலாவின் ராஜாவுக்கு நகர ஒரு கட்டம் இல்லை. செக்கும் இல்லை. அப்படியானால் சட்டப்படி ஆட்டம் டிரா. அவள் கடிகாரத்தில் சொச்சம் சில நொடிகள் இருந்தன.

ஜான்சிதான் முதலில் கை கொடுத்தாள். "உங்கப்பா தொண்டைக்கு மைக்கே வேணாம்டி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இருந்தாலும் அதைச் சொன்னாள். அணிப் பட்டியலுக்குக் கீழே மாற்று ஆட்டக்காரியாக அவள் பெயரும் இருந்தது என்பது அரைமணி கழித்துத்தான் தெரிந்தது.

பெண்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கேட்டுக்கு வந்தார்கள். ஆரோக்கியசெல்வி ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். கண்ணாயிரம் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றார். என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் பாப்பாத்தியும் இல்லை.

"ஜெயிச்சியா?" என்றார் நேராக.

"இல்லப்பா."

"தோத்துட்டியா?"

"இல்லப்பா. டிரா. ரெண்டு பேருக்கும் சமம். லிஸ்டுல பேரு வந்திருச்சி. கடைசிப் பேரு."

"சீட்டு?"

"கெடச்சிடும்னு சார் சொல்றாரு."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். வெயிலுக்குத் துடைக்கிற மாதிரிதான் துடைத்தார், ஆனால் துண்டை முகத்திலிருந்து எடுக்க வெகு நேரம் ஆயிற்று. சூர்யகலா அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு பஸ்ஸிலேர்ந்து நான் போன் போட்டிருக்கணும்பா" என்றாள்.

"நானும் இன்னிக்கு வாய மூடிக்கினு இருந்திருக்கணும்" என்றார். "அந்தம்மா கேமையே குடுத்துடுவேன்னப்ப எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சி. நீ ஏன்டி ஆமான்னு சொன்ன? தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எங்கப்பாவத் தெரியாதுன்னு எப்படிப்பா சொல்றது?"

ரோட்டைக் கடக்கும்போது சின்னப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்பினதும் அவர் ஆரம்பித்தார். அளத்து மோட்டார் பெல்ட் அறுந்து திண்டிவனம் போய் வாங்கி வந்த கதை. பச்சமுத்து வீட்டு வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டது. மேற்குப் பாத்தியில் இந்தத் தடவை உப்பு பொடியாக விழாமல் கல்கல்லாக விழுந்திருப்பது. அம்மா குதிகால் புண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று அடம்பிடிப்பது. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. ஆடியிலிருந்து அடைத்து வைத்தது எல்லாம் மடை திறந்துகொண்டு வந்தது.

எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். அதே அறையில், அவளுக்கு ஒரு கை தூரத்தில், அம்மாவிடம் அவர் சொல்லச் சொல்லக் கேட்டதுதான். சிலவற்றை அம்மா இரண்டாம் முறையும் சொல்லியிருந்தாள்.

"அப்படியாப்பா?" என்றாள் சூர்யகலா. "அப்புறம்?"